டெங்கு இல்லை என்று அறிக்கை வந்த பிறகு

மாரி மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் எந்த வீட்டில் எவருக்குக் காய்ச்சல் கண்டாலும் முதலில் எழும் கேள்வி, இது டெங்குவாக இருக்குமோ என்பதுதான். அந்த அச்சம் நியாயமானது. அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டுள்ளன. ஆனால் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் டெங்கு இல்லை என்று வந்ததும் நோயாளியும் வீட்டாரும் அடையும் ஆறுதலைக் காணும்போது, மருத்துவ ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்குக் கவலையே மிஞ்சும். அந்த அறிக்கை ஒரு நோயைப் பற்றி மட்டுமே பேசுகிறது. டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையோ காய்ச்சலின் முதல் சில நாட்களுக்குள் செய்தால்தான் நம்பத்தக்கது. அதற்குப் பிறகும் காய்ச்சல் நீடிக்குமானால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்; அந்தத் தேடல்தான் நம்மிடையே பெரும்பாலும் நடப்பதில்லை.

எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மெலியோய்டோசிஸ் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மூன்றுமே பக்டீரியாவால் வருபவை. உரிய மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் மூன்றையும் குணப்படுத்தலாம். தொடக்கத்தில் மூன்றும் ஒன்றுபோலவே காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு, வாந்தி என்று வருவதால், எது எதுவென்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எலிக்காய்ச்சலை நம் விவசாயிகள் அறிவார்கள். வயலில் இறங்கும் காலத்தில் நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்துடன் பதிவாகினர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று முதலில் பேசப்பட்டு, உயிரிழப்புகளுக்குப் பின் எலிக்காய்ச்சல் என உறுதியானதையும் மறந்திருக்க மாட்டோம். கண் மஞ்சளானால்தான் எலிக்காய்ச்சல் என்று எண்ணிக் காத்திருப்பது ஆபத்தானது; பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. கண் சிவத்தல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நோயெதிர்ப்புப் பொருளைத் தேடும் இரத்தச் சோதனைகள் முதல் வாரத்தில் பிழையாக 'இல்லை' என்று காட்டலாம் என்பதால், சந்தேகம் எழுந்தவுடனேயே மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவது சரியான செயலே.

உண்ணிக்காய்ச்சல் இவ்வளவு அறியப்பட்டதன்று. புதர்க்காடுகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வருவது இதன் முக்கியமான வகை. சேனை வெட்டுவோர், விறகுக்குப் போவோர், பட்டி மாடுகளுடன் காட்டோரம் தங்குவோர் ஆகியோருக்கு இது வரக்கூடும். கடித்த இடத்தில் பலருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருமையான ஒரு பொருக்கு உண்டாகும். அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. அக்குளிலும், அரையிலும், தொடை இடுக்கிலும், மார்பின் கீழும் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாத அந்தப் பொருக்கைத் தேடிப் பார்ப்பவர் இல்லையென்றால் நோயும் தெரியாமலே போய்விடும். வெட்கப்பட்டு உடலைக் காட்டாமல் இருக்கும் நம் பெண்கள், ஒரு தாதியிடமாவது காட்டச் சம்மதித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இந்தக் கிருமி உடலின் உயிரணுக்களுக்கு உள்ளே மட்டுமே பெருகுவதால், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் போத்தலில் நாங்கள் எத்தனை நாள் வைத்துப் பார்த்தாலும் அது வளராது. இந்நோய்க்கு 1916இல் உருவான வெயில்-பீலிக்ஸ் என்ற பழைய இரத்தச் சோதனையோ பல நோயாளிகளைத் தவறவிடக்கூடியது. பாமசியில் வழக்கமாக வாங்கிக் குடிக்கும் அமொக்சிசிலின் இதை ஒன்றும் செய்யாது. மாறாக, விலை குறைந்த டொக்சிசைக்ளினைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய ஒன்று நுரையீரலையும் மூளையையும் தாக்கும் வரை கண்டறியப்படாமல் இருப்பதை ஏற்றுக்கொள்ள என்னால் முடிவதில்லை.

மெலியோய்டோசிஸ் என்ற பெயரைக் கேட்டவர்களே நம்மிடையே குறைவு. இதை முதன்முதலில் பர்மாவின் இரங்கூனில் நோயியல் மருத்துவர் அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் கண்டறிந்து 1912இல் எழுதினார்கள். பின்னர் விட்மோர் நோய் என்றும் அது வழங்கியது. கிருஷ்ணசுவாமியின் பெயர் விடுபட்டுப் போனது எனக்கு எப்போதும் மனக்குறைதான். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருந்தும், அதன்பின் நெடுங்காலம் இங்கே அரிதாகவே பேசப்பட்டது. முறையாகத் தேடத் தொடங்கிய பிறகோ மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களில் நோயாளிகள் கண்டறியப்பட்டுள்ளனர். 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டொன்றுக்குச் சுமார் 165,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும், அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் கூறியது.

இதன் கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகவோ, மழைக்காற்றில் மூச்சின் வழியாகவோ, குடிக்கும் நீரின் வழியாகவோ உடலுக்குள் வரலாம். நீரிழிவு உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. படுவான்கரையில் பெரும்போக விதைப்புக் காலத்தில், ஆறாத காலுடனும் கட்டுப்படாத சீனி வருத்தத்துடனும் சேற்றில் இறங்கும் மனிதர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து குணமாகாவிட்டால் காசநோய் என்று கருதப்படலாம். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி வந்தால் அது வேறொரு நோயின் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

உண்ணிக்காய்ச்சல் கிருமியைப் போலன்றி இது கல்ச்சரில் வளரும். வளர்ந்தும் தவறவிடப்படுவதுதான் வேதனை. மெதுவாக வளர்வதால் முதல் நாளில் கல்ச்சர் தட்டைப் பார்த்துவிட்டு எறிந்துவிடக்கூடும். வளர்ந்தாலும் சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த ஏதோவொரு மண் கிருமி தற்செயலாகக் கலந்துவிட்டது என்று கருதப்படலாம். ஒட்சிடேஸ் சோதனையில் நேராகவும், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமலும், ஆனால் கோ-அமொக்சிக்ளேவுக்கு அடங்குவதாகவும் ஒரு கிராம்-எதிர்க் கிருமி வந்தால், அதை ஒதுக்காமல் மேலதிக உறுதிப்படுத்தலுக்கு அனுப்புங்கள் என்று இளைய சக ஊழியர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

நோயாளியின் பக்கத்திலும் செய்யக்கூடியவை உண்டு. மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். கடந்த இரண்டு மூன்று வாரங்களில் வயலில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா, காட்டுக்குப் போனீர்களா, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறீர்களா என்பவை ஒரு நீண்ட பரிசோதனைப் பட்டியலை விடப் பயனுள்ள தகவல்களாக அமைந்துவிடுவதுண்டு. மருத்துவரைக் காணும் முன்னரே பாமசியில் நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி இரண்டு வேளை குடித்துவிட்டு வருவோரின் இரத்தத்தில் வளர வேண்டிய கிருமியும் வளராமல் போய்விடும். அப்படி ஏற்கெனவே குடித்திருந்தால், அந்த மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

மெலியோய்டோசிஸ் உறுதியானவர்களின் வீட்டாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் செஃப்டசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி ஏற்றுவார்கள். சரியான மருந்தாக இருந்தாலும் காய்ச்சல் அடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதைப் பார்த்து மனமுடைந்து, நோயாளியை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். அதன்பின் கோட்ரைமொக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடர வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும். வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ கிளினிக்குக்கு வருபவர் அந்த மூன்று மாதங்களுக்கும் ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் மீண்டும் மீண்டும் இழக்க நேர்கிறது. அந்த மாத்திரைகள் அவரவர் பிரதேச வைத்தியசாலையிலேயே தடையின்றிக் கிடைக்கச் சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இங்கே கேட்டுக்கொள்கிறேன்.