திருப்பூர் வரும்வரை நாற்பது நிமிடம்

மேலாண்மைக் கல்வி நிறுவனங்களான ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வை நான் 2023-லும் 2024-லும் எழுதினேன். பொறியியல் முடித்தவர்கள் எழுதும் கேட் (GATE) வேறு. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துகள் என்பதால் வீட்டில் பாதிப் பேர் நான் எதற்குப் படிக்கிறேன் என்பதையே கடைசிவரை மாற்றித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை, வீடு ஈரோட்டில். காலையில் ஒரு ரயில், இரவில் ஒரு ரயில் என்பதுதான் அன்றாடம் என்பதால், படிப்பதற்கு எனக்கு உறுதியாகக் கிடைத்த நேரம் அந்த இரண்டு பயணங்கள் மட்டுமே.

முதல் முறை எழுதியபோது என் பயிற்சி முழுவதும் எண்ணிக்கையை நம்பியே இருந்தது. வார இறுதியில் நான் சென்றுவந்த பயிற்சி மையத்தில் கற்றுத் தந்ததும் அதுதான்: ஒரு பாடத்துக்கு இருநூறு கணக்கு, அதற்கான குறுக்குவழிச் சூத்திரங்கள் ஒரு தாள், அடுத்த வாரம் அடுத்த பாடம். நாளுக்கு நாற்பது கணக்கு போட்டேன் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வட்டமிட்டுக்கொள்வதில் ஒரு நிறைவு இருந்ததே தவிர, அவற்றுள் எத்தனையை விடையைப் பார்த்தபின் "ஓ, இவ்வளவுதானா" என்று தாண்டிச் சென்றேன் என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த ஆண்டு மொத்தத்தில் 78 பர்சென்டைலும் (அதாவது எழுதியவர்களில் ஏறக்குறைய 78 சதவீதம் பேரை முந்திய இடம்), தரவு விளக்கமும் தருக்கமும் சேர்ந்த டி.ஐ.எல்.ஆர். பகுதியில் 52-ம் வந்தன.

தேர்வின் அமைப்பைச் சொன்னால்தான் அடுத்துச் சொல்லப்போவது விளங்கும். மொத்தம் இரண்டு மணி நேரம், மொழித்திறன், டி.ஐ.எல்.ஆர்., கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும், திரும்பிப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் குறையாது. திரையிலேயே ஒரு கால்குலேட்டர் உண்டு, ஆனால் மவுஸால் ஒவ்வோர் எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தால் கையால் போடுவதைவிட நேரமாகிவிடும்.

ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு என் ரயில் எடுத்துக்கொண்ட நேரமும் ஏறக்குறைய ஒரு பகுதியின் நேரமும் ஒன்றாக இருந்ததை இரண்டாம் முறைதான் கவனித்தேன். வண்டி கிளம்பும்போது தொடங்குவேன். விஜயமங்கலத்தில் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். ஊத்துக்குளி போய்விட்டால் கடைசிப் பத்து நிமிடம், அதற்குமேல் புதிதாக எதையும் தொடக்கூடாது. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் கதவோரம் நின்றபடி அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு போட்டிருக்கிறேன். அந்த நெரிசலுக்குப் பழகியதால் தேர்வு அறையில் பக்கத்து இருக்கைக்காரர் விசைப்பலகையைத் தட்டும் ஓசை எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இரண்டாம் முறை கணக்குகளின் எண்ணிக்கையை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டு, தவறியவற்றுக்கென ஒரு தனி நோட்டு வைத்தேன். தவறிய ஒவ்வொரு கணக்கையும் விளக்கத்தைப் படித்த அன்று அல்ல, பத்து நாள் கழித்து, விளக்கம் மறந்தபின் மறுபடி போட்டேன். பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதினேன்: தெரியவில்லை, இழுத்தது, தவறாகப் படித்தேன், தொட்டிருக்கவே கூடாது. முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது "தெரியவில்லை" என்பது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சூத்திரத் தாளை மனப்பாடம் செய்த நேரமெல்லாம் வீண் என்பது அன்றுதான் உறைத்தது.

அந்த நோட்டிலிருந்து ஒரு கணக்கு. இரண்டு மிகை முழு எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால் 1/12 வர வேண்டும்; வரிசையைப் பொருட்படுத்தாமல் அப்படிப்பட்ட இணைகள் எத்தனை? முதல் முறை 13, 14, 15 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து ஏழு நிமிடத்தைத் தொலைத்தேன். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 12-ஐக் கழித்துவிட்டால், மிஞ்சும் இரண்டின் பெருக்கற்பலன் 144 என்றாகிவிடுகிறது. அதன்பின் 144-இன் காரணிகளை எண்ணுவதுதான் வேலை. அவை பதினைந்து. பத்து நாள் கழித்து இதைச் சரியாக நினைவுகூர்ந்து ஒன்றரை நிமிடத்தில் முடித்து, பெருமையாக 15 என்று எழுதினேன். அதுவும் தவறு. வரிசையைப் பொருட்படுத்தாமல் என்றால், இரண்டும் 24 ஆக இருக்கும் இணை ஒன்று, மற்ற பதினான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏழு, ஆக எட்டு. ஒரே கணக்குக்கு எதிரே "இழுத்தது" என்றும் "தவறாகப் படித்தேன்" என்றும் இரண்டு காரணங்கள் இன்னும் இருக்கின்றன.

வேகத்துக்கு எனக்குக் கைகொடுத்தது பயிற்சி மையம் அல்ல, அம்மாவின் அப்பாவான அப்புச்சி. மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒரு நாள் 648-இல் 37.5 சதவீதத்தை நான் தாளில் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, காலே அரைக்காலுக்கா இத்தன இழுவ?" என்றார். கால் 162, அரைக்கால் அதில் பாதி 81, கூட்டினால் 243. அரைக்கால் என்பது 12.5 சதவீதம், வீசம் 6.25, முக்காலே அரைக்கால் 87.5. "முக்காலே மூணு வீசம்" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுகூட 93.75 சதவீதம் என்ற துல்லியமான அளவு. இலாபம், தள்ளுபடி, கலவைக் கணக்குகளில் சதவீதத்தைக் கண்டதும் பின்னமாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் அந்த வாரத்தில் வந்ததுதான். ஏழில் ஒன்று, ஒன்பதில் ஒன்று போன்றவற்றுக்கு மட்டும் அப்புச்சியிடம் சொல் இல்லை. அவற்றை நானே மனப்பாடம் செய்தேன்.

டி.ஐ.எல்.ஆர். வேறு வகையான சிக்கல். அங்கே ஒரே தகவலை வைத்துப் பல கேள்விகள் கேட்கும் தொகுப்பைச் செட் என்பார்கள். ஒரு செட்டில் நுழைந்து பத்து நிமிடம் செலவழித்தபின் வெளியே வர மனம் ஒப்பாது. ஐந்து அணிகள் ஒன்றோடொன்று ஒரு முறை மோதும் கபடிச் செட் ஒன்றில், வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு ஆளுக்கு 1. நான்கு அணிகளின் புள்ளிகள் 7, 5, 4, 1 எனத் தரப்பட்டிருந்தன. நான் உடனே அட்டவணை போட்டு யார் யாரை வென்றிருக்கலாம் என்று நிரப்பத் தொடங்கினேன். ஆட்டம் பத்து, ஆட்டத்துக்கு 2 புள்ளி, எனவே மொத்தம் எப்படியும் 20 என்று முதலில் எழுதியிருந்தால் ஐந்தாவது அணிக்கு 3 என்பது அரை நிமிடத்தில் வந்திருக்கும். 7 எடுத்த அணி மூன்றில் வென்று ஒன்றைச் சமன் செய்ததும், 1 எடுத்த அணி ஒன்றைச் சமன் செய்து மூன்றில் தோற்றதும் தானே விழுந்திருக்கும். அதற்குப்பின் ஒரு விதி வைத்தேன்: எந்தச் செட்டானாலும் முதல் இரண்டு நிமிடம் கட்டங்களை நிரப்பக்கூடாது, மாறாத மொத்தம் எது, ஒரே வழியில் மட்டும் நிகழக்கூடியது எது என்று மட்டுமே தேட வேண்டும். இரண்டும் அகப்படாவிட்டால் அந்தச் செட் எனக்கானதல்ல.

இந்த விதியைக் கடைப்பிடிப்பதற்கு, விதியைக் கண்டுபிடிப்பதைவிட அதிக நாள் ஆனது. மாதிரித் தேர்வுகளில் ஆகஸ்டு வரை எனக்கு மதிப்பெண் ஏறவே இல்லை. சரியாக விட்டுவிட்டு வந்த செட்டை, பக்கத்து இருக்கைத் தோழி எளிது என்று சொன்னதும் வயிறு எரியும். செப்டம்பரில்தான் மூன்று செட்டைத் தொட்டு மூன்றையும் முடிக்கும் நிலை வந்தது.

2024 நவம்பர் 24, ஞாயிறு. கோவையில் மாலை அமர்வு. டி.ஐ.எல்.ஆர்.-இல் 20-க்குப் பதில் 22 கேள்விகள், ஐந்து செட்கள் என்று திரை காட்டியபோது ஒரு கணம் கை குளிர்ந்தது. ஐந்தையும் படிக்கவே ஆறு நிமிடம் போயிற்று. இரண்டை முழுதாக முடித்து, மூன்றாவதில் இரு கேள்விகளோடு நிறுத்தினேன். கணிதத்தில் 22-இல் பத்தைத் தொட்டேன். மற்றவற்றை விட்டதில் வருத்தமில்லை.

டிசம்பரில் மொத்தம் 95-க்குச் சற்று மேலும் டி.ஐ.எல்.ஆர்.-இல் 97-ம் வந்தன. அதற்கு முன்பே விடைத்தாள் இணையத்தில் வந்திருந்ததால், நான் தொடாமல் வந்த செட்களில் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் காலை ரயிலில் உட்கார்ந்தேன். ஊத்துக்குளி தாண்டியும் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன.