அப்பாவின் டி டிரைவ்

மே 11, 2025, ஞாயிறு

காலையில் அப்பா கூப்பிட்டார். "தம்பி, கொம்பியூட்டர் எழும்புதில்லை. ஒருக்கா வந்து பார்."

கறுப்புத் திரையில் ஒரே வரி: பூட் பண்ண எதுவும் இல்லையாம். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயோஸ் திரையில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் ஒரு தடவை தெரிகிறது, அடுத்த தடவை காணவில்லை. பெட்டியில் காதை வைத்தேன். பல்லி சொல்வதுபோல டிக், டிக். அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. எந்தத் திசையில் சொல்கிறது என்று கேட்டார்.

அப்பா காலையிலிருந்து பத்துத் தடவையாவது நிறுத்திப் போட்டிருக்கிறார். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தட்டுகிற டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் ஆயுளில் ஒரு துண்டு.

உள்ளே அவர் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்த சாதாரண தரக் கணித வினாத்தாள்களும், அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் இருக்கின்றன. பேக்கப் இருக்கிறதா என்றேன். "ஓமோம், எல்லாத்தையும் டி டிரைவிலயும் போட்டு வச்சிருக்கிறன்." சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள் என்று இப்போது சொல்லி என்ன பயன்? வயரைக் கழற்றிவிட்டேன்.

மே 12, திங்கள்

வெசாக், புத்தர் பண்டிகை. இன்றும் நாளையும் விடுமுறை. கொப்பி எடுக்கப் புது டிஸ்க் வேண்டும், கடை இல்லை. பக்கத்து வீட்டு அங்கிள் பிரீசரில் வைக்கச் சொன்னார். வெளியே எடுத்ததும் இந்த வெக்கையில் உள்ளே ஈரம் படியும். வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற பரிசோதனையை ஓட்டிப் பார்க்க ஆசை. அது பழுது பார்க்கிறேன் என்று சாகக்கிடக்கும் டிஸ்க்கிலேயே எழுதும். அதற்கும் வேண்டாம். மாலையில் அவரை வெசாக் விளக்குக் கூடு பார்க்கக் கூட்டிப் போனேன், வீட்டில் இருந்தால் பட்டனை அமத்துவார்.

மே 14, புதன்

வேலை முடிந்து பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. ஒரு கடையில் கேட்காமலே சொன்னார்கள்: போர்மட் அடித்து விண்டோஸ் போட்டால் சரி. நல்ல காலம் அப்பா வரவில்லை. 2 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு 101 பஸ்ஸில் வெள்ளவத்தை திரும்பினேன்.

இரவு பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக, உபுண்டு லினக்ஸை எழுப்பினேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள், 412. பிறகு டிடிரெஸ்கியூ, பழுதான டிஸ்க்கைக் கொப்பி எடுக்கும் மென்பொருள். நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். எதுவரை வந்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், புதியது பின்னால். மாறிப் போனால் வெற்று டிஸ்க்கை அப்பாவின் இருபது வருடத்தின் மேல் எழுதிவிடும். மூன்று தடவை வாசித்துவிட்டு என்டரைத் தட்டினேன்.

மே 15, வியாழன்

நள்ளிரவுக்குள் 97 சதவீதம். மீதிக்கு இன்று முழுவதும் போயிற்று. மேசை மின்விசிறியை டிஸ்க்குக்கு நேரே திருப்பி வைத்தேன், நாங்கள் விசிறி மட்டையோடு இருந்தோம். இரவு 99.9இல் நின்றது. போதும்.

மே 16, வெள்ளி

பழையதைத் தொடவில்லை, கொப்பியைத்தான் திறந்தேன். அம்மம்மா கேக்கோடு சிரிக்கிறார். அடுத்து வினாத்தாள். திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அப்பாவின் முகம் செத்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிடம் கை ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது: எல்லாம் பாமினியில் அடித்தவை, அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு, உபுண்டுவில் பாமினி ஏது? அதைப் போட்டதும் பைதகரஸ் தமிழில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு தாள்கள் மட்டும் திறக்கவில்லை. "அது எனக்குப் பாடம்" என்று அப்பா கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி, "தம்பி, புது டிஸ்க்கிலயும் ஒரு டி டிரைவ் பிரிச்சு விடன்" என்றார்.