மேட்டில் மட்டும் இழுக்காத வண்டி

"சமரோட்டில் நல்லா ஓடுது, மேடு வந்தா இழுக்க மாட்டேங்குது" என்று பழைய காரோடு யாராவது வந்து நின்றால், நான் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. முதலில் பேச வேண்டும். பெட்ரோல் போதாமல் இருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம், புகை வெளியேற வழியில்லாமல் இருக்கலாம், பிளக்கில் பொறி சரியாக விழாமல் இருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இத்தனைக்கும் ஓட்டுபவர் சொல்வது ஒரே சொல்தான்: பிக்கப் இல்லை.

மேடு ஒரு வண்டியிடம் எவ்வளவு கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்தப் புகார் எனக்கு முழுசாகப் புரிந்தது. சுமார் 1000 கிலோ எடையுள்ள கார் சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போவதற்கு நான்கைந்து குதிரைத்திறன் போதும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் இன்னும் 18 குதிரைத்திறன் வேண்டும். அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. பாதி பலம்தான் மிச்சமிருக்கிற ஒரு பெட்ரோல் பம்ப் சமதளத்தில் எந்தக் குறையும் காட்டாது. அங்கே அதனிடம் யாரும் முழுசாகக் கேட்பதே இல்லை. பட்டறைக்குள் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்ப்பதும் இதே கதைதான். பாரம் இல்லாத எஞ்சினைச் சுற்ற வைக்கக் கொஞ்சம் பெட்ரோல் போதும். அப்படிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புவது சரியல்ல. வண்டிக்காரர் பொய் சொல்லவில்லை, நாம்தான் தப்பான இடத்தில் நின்று பார்க்கிறோம்.

அதனால் கேள்விகள். இழுவை திடீரென்று போகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? வெட்டி வெட்டி இழுக்கிறதா, வழவழவென்று பலம் மட்டும் இறங்குகிறதா? எஞ்சின் சத்தம் கூடுகிறதா, அமுங்குகிறதா? ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் பழையபடி ஏறுகிறதா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது இது நடக்கிறது? இதுவரை என்னென்ன மாற்றினார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் மனசைக் கஷ்டப்படுத்தும். பிளக், வயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் என்று ஒரு பட்டியலே வரும். ஒவ்வொன்றையும் மாற்றியபோது "இதுதான் சார், இனிமே பிரச்சினை வராது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

எஞ்சின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் ஏறி, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் அது எஞ்சின் கோளாறே இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரேக் பிடிப்பு இன்னும் எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால், எது சூடாக இருக்கிறதோ அது சொல்லிவிடும்.

ஆக்சிலேட்டர் கேபிளைப் பார்ப்பதற்கு ஒரு கருவியும் வேண்டாம். ஆனாலும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்க, வெளியே ஒருவர் த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியில் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது தடிமனான மேட் ஒன்று பெடலுக்கு அடியில் கிடக்கும். முக்கால்வாசிதான் திறக்கிறது என்றால் சமரோட்டில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெட்டி வெட்டி இழுத்தால் என் கவனம் இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி விழவைக்கும் அமைப்பின் பக்கம் போகும். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். அந்த வோல்டேஜை உண்டாக்கும் காயிலிலோ அதைக் கொண்டுபோகும் பிளக் வயரிலோ மெல்லிய விரிசல் இருந்தால் மின்சாரம் அந்த எளிய வழியில் வெளியே ஓடிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து ஓடவிட்டால், சில நேரம் அந்தக் கசிவு நீலமாகக் கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) உள்ள வண்டியாக இருந்தால் டைமிங் லைட்டைப் பிடித்து, ரேஸ் ஏற ஏற டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னால் நகர்கிறதா என்றும் பார்ப்பேன். டைமிங்கை நகர்த்த அதன் உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்ட வண்டிகள் நிறைய உண்டு.

வெட்டல் இல்லாமல், யாரோ ஆக்சிலேட்டரை மெல்ல மூடுவதுபோல் பலம் இறங்கினால் இரண்டு சந்தேகம்: ஒன்று புகை வழி அடைப்பு, இன்னொன்று பெட்ரோல் போதாமை. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால், எஞ்சின் தான் விட்ட மூச்சையே வெளியே தள்ள முடியாமல் திணறும். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டால், நல்ல வண்டியில் 2500 ஆர்பிஎம்மில் 1 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில்தான் அழுத்தம் இருக்கும். 3ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் கன்வர்ட்டர் தானாக உருகுவதில்லை. ஏதோ ஒரு சிலிண்டர் நாள்கணக்கில் சரியாக எரியாமல், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்திருக்கும். அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். வண்டிக்காரர் காசு மறுபடியும் வீண்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால், டர்போ இல்லாத எஞ்சின் தோராயமாக 10 சதவீதப் பலத்தை இழக்கும். அங்கே காற்றே அடர்த்தி குறைவு. கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய முறை) வண்டியில் பெட்ரோல் விகிதமும் சேர்ந்து கூடிப்போய்க் கரும்புகை வரும். அது கோளாறு இல்லை. அதனால் "இதே மேட்டை இதே வண்டி முன்னாடி எப்படி ஏறும்?" என்று கேட்காமல் நான் எந்த வாக்கும் கொடுப்பதில்லை.

இவ்வளவு சொல்வதற்குக் காரணமாக இருந்த ஒரு வண்டி இன்னும் நினைவில் இருக்கிறது. பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஆரம்ப காலப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் கட்டாயமான ஓபிடி வசதி (கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் அமைப்பு) எதுவும் அதில் கிடையாது. ஸ்கேனரைச் செருகிவிட்டு அது என்ன சொல்கிறது என்று காத்திருக்க முடியாது. ஓட்டி வந்தவர் வயதானவர், அமைதியானவர். கேட்ட ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். "முதல்ல நல்லா ஏறும் தம்பி. நாலஞ்சு நிமிஷம் போனதும் மெல்ல மெல்ல அடங்கிடும். ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா மறுபடியும் ஏறும்." பிளக், ஃபில்டர் எல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன. இன்னொரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாடலுக்குப் பம்ப் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் அவர் தயங்கியிருக்கிறார்.

நிறுத்தினால் குணமாகிறது என்பது நல்ல தடயம். டேங்க் மூச்சு வாங்கும் துளை அடைத்திருந்தாலும் இப்படி நடக்கும்: பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்பைப் பின்னுக்கு இழுக்கும். இதைப் பார்க்க, பலம் இறங்கிய அந்த நிமிடத்திலேயே மூடியைத் திறக்க வேண்டும். காற்று உஸ்ஸென்று உள்ளே போனால் விடை கிடைத்துவிட்டது. "அப்போ மூடியைத் திறந்தா சத்தம் எதுவும் வரலையே ஐயா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பெட்ரோல் அளவையும் கேட்டேன், ஏனென்றால் மேட்டில் டேங்கில் இருப்பதெல்லாம் பின்பக்கம் சாய்ந்துவிடும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். டேங்க் நிறைந்திருந்தாலும் இதே தொல்லைதான் என்றார்.

பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜை மாட்டினோம். ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது) 2.5 பார் அழுத்தம். அந்த வண்டிக்கு அது சரியான அளவு. எங்களிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன், "அப்போ பம்ப் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அது ஐடிலிங்கில் மட்டும் உண்மை. ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்தால் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) வெற்றிடம் குறைந்து, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதை 3 பாருக்கு ஏற்ற வேண்டும். ஏற்றி, அங்கேயே நிறுத்தவும் வேண்டும். அதனால் நீண்ட ஹோஸில் கேஜைப் போட்டு, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினோம். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அழுத்தத்தில் பெட்ரோல் இருக்கும் ஹோஸை எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடு தொடங்கியதும் 3 பார். கொஞ்ச தூரத்தில் 2.7. அப்புறம் 2.2. "இப்போ அடங்குது பாருங்க" என்று அவர் சொன்ன இடத்தில் முள் 1.5இல் நின்றது. அவருடைய காலும் காதும் உணர்ந்ததைக் கேஜ் அப்படியே காட்டியது. அதுவரை யாரும் அவர் சொன்னதை முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது. முள்ளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இங்கேதான் பலர் பம்ப் என்று முடிவு கட்டுவார்கள். அழுத்தம் இறங்குகிறது என்று தெரிந்ததே தவிர, ஏன் இறங்குகிறது என்று இன்னும் தெரியவில்லை. பம்ப் ஒரு மின்சார மோட்டார், அதற்குப் போய்ச் சேரும் வோல்டேஜைப் பார்க்காமல் அதைக் குற்றம் சொல்லக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் முனைகளில் 10.9. வழியில் கிட்டத்தட்ட 3 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.4தான். மீதி 2.5 வோல்ட் முழுக்க எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழியில்.

பையன் அந்த எர்த் வயரை கன்டின்யூட்டி (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்துப் பார்த்தான். மீட்டர் 'பீப்' என்றது. "வயர் நல்லாத்தானே இருக்கு?" என்று குழம்பினான். கன்டின்யூட்டி பார்க்கும்போது மீட்டர் அனுப்பும் கரண்ட் மிக மிகச் சின்னது, ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். பம்ப் கேட்பதோ பல ஆம்பியர். மேட்டில் கார் பட்ட பாட்டைத்தான் அந்த வயரும் பட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் பாரத்தில் வரும் குறை தெரியும்.

பின் சீட்டைத் தூக்கி, விரிப்பை விலக்கியதும் விஷயம் வெளிப்பட்டது. எர்த் வயர் பாடியில் போல்ட் போட்ட இடம் பச்சையும் பழுப்புமாகப் பொரிந்துபோயிருந்தது. என்றோ தண்ணீர் புகுந்த தடம். கரண்ட் ஓட ஓட அந்த இடம் சூடாகும், சூடானால் தடை கூடும், பம்ப் மெதுவாகும், அழுத்தம் இறங்கும். நிறுத்தினால் ஆறிவிடும். அவர் முதலில் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அங்கே அர்த்தம் இருந்தது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அந்த இடத்தைச் சுரண்டி, புது வயரும் அதன் முனையில் லக் என்னும் வளையமும் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பம்புக்கு இப்போது 13.3 வோல்ட் வந்தது. கேஜைக் கழற்றாமல் அதே மேட்டில் அதே கியரில் மறுபடியும் போனோம். உச்சி வரைக்கும் முள் 3ஐ விட்டு இறங்கவில்லை. "அப்போ பம்ப் மாத்த வேண்டாமா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பழைய பம்ப்தான், என்றைக்காவது அதுவும் களைத்துப்போகும். அதனால் ஜாப் கார்டில் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அழுத்தம், வோல்டேஜ் எல்லாவற்றையும் எழுதி, வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தடவை வண்டி யார் கைக்குப் போனாலும் அவர் அந்த எண்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.