லீஷ்மேனியா கேள்விக்குப் படிப்பது எப்படி: ஒட்டுண்ணியின் பின்னாலேயே போங்கள்

ஒட்டுண்ணியியல் தேர்வில், மணல் ஈ பரப்பும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான லீஷ்மேனியா வந்தால் பலரும் இரண்டு பட்டியலை எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒன்றில் எல்பிஜி (ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு), ஜிபி63 (மேற்பரப்பு நொதி) என்று நோயுண்டாக்க உதவும் வீரியக் காரணிகள், இன்னொன்றில் டிஎச்1, டிஎச்2 என்ற இரு வகை உதவி டி செல்களின் சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள். முதுகலையில் நான் இதைப் படித்தது வேறு மாதிரி. மணல் ஈ கடித்த நொடியிலிருந்து ஒட்டுண்ணி எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் உடல் என்ன ஆயுதம் எடுக்கிறது, அதற்கு ஒட்டுண்ணியின் பதில் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். எழுத்துத் தேர்விலும் சரி, வைவாவிலும் சரி, அதுதான் கைகொடுத்தது.

முதல் ஆபத்து காம்ப்ளிமென்ட், அதாவது கிருமிகளின் மேல் படிந்து அவற்றைத் துளைக்கும் இரத்தப் புரதங்கள். ஈயின் குடலில் முதிர்ந்து தொற்றத் தயாரான புரோமாஸ்டிகோட்டின் (ஈயில் வாழும், சாட்டையுள்ள வடிவம்) மேல் எல்பிஜி நீளமாகிக் கெட்டியான போர்வையாக இருப்பதால், காம்ப்ளிமென்ட்டின் துளையிடும் கூட்டமைப்பு சவ்வுவரை இறங்க முடிவதில்லை. கூடவே ஜிபி63 என்ற துத்தநாகப் புரோட்டியேஸ், மேலே படிந்த சி3பி என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தை வெட்டி ஐசி3பி ஆக்கிவிடுகிறது. இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த வெட்டால் காம்ப்ளிமென்ட் தாக்குதல் நிற்கிறது, அது பாதி லாபம்தான். ஐசி3பி-யை மேக்ரோபேஜின் (கிருமிகளை விழுங்கும் செல்) சிஆர்3 ஏற்பி பிடித்துக்கொள்கிறது, அந்த வழியாக உள்ளே போனால் ஆக்சிஜன் வெடிப்பு (கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் சுரப்பு) பெரிதாகக் கிளம்பாது, எதிர்ப்பைத் தூண்டும் ஐஎல்-12 என்ற சைட்டோகைனின் சுரப்பும் அடங்கியே இருக்கும். தப்பிப்பதும் பாதுகாப்பான வாசலைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே நொதியால் நடக்கிறது. இதை மட்டும் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் பாதிக் கேள்வி முடிந்தது என்பேன்.

உள்ளே போனபின் எல்பிஜி, ஒட்டுண்ணி அடைபட்ட பையான ஃபேகோசோம், செரிக்கும் நொதிகள் உள்ள லைசோசோமோடு சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. அந்த அவகாசத்தில்தான் புரோமாஸ்டிகோட், செல்லுக்குள் வாழும் உருண்டை வடிவமான அமாஸ்டிகோட்டாக மாறுகிறது, மாறியபின் அந்த அமிலச் சூழலே அதற்கு வீடு. அமாஸ்டிகோட்டில் எல்பிஜி கிட்டத்தட்ட இல்லை. அதனால் "எல்பிஜி எல்லாக் கட்டத்திலும் காக்கிறது" என்று எழுதாதீர்கள், தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். இன்னொன்று, இனத்தின் பெயரை எழுதாமல் வீரியக் காரணியைப் பற்றி எழுதவே வேண்டாம். எல்பிஜி நீக்கப்பட்ட லீ. மேஜர் வீரியம் குறைந்து போகிறது, அதே எல்பிஜி இல்லாத லீ. மெக்சிகானாவோ சுண்டெலியில் நோயை உண்டாக்கத்தான் செய்கிறது.

ஸ்லைடைப் பார்க்காமல் இதெல்லாம் மனதில் நிற்காது. ஜீம்சா சாயமிட்ட எலும்பு மஜ்ஜை ஸ்மியரை ஆயில் இம்மெர்ஷனில் வைத்து, உப்பிப்போன ஒரு மேக்ரோபேஜைத் தேடிப் பிடியுங்கள். சைட்டோபிளாசத்தில் 2 முதல் 4 மைக்ரான் அளவில் முட்டை வடிவப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு கரு, பக்கத்தில் சின்னக் குச்சி போலக் கைனெட்டோபிளாஸ்ட் (மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ திரட்டு). அந்தக் குச்சி தெரிந்தால்தான் லீஷ்மேனியா, இல்லையென்றால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையா என்று யோசிக்க வேண்டும். 1903-இல் லீஷ்மனும், சென்னையில் பணியாற்றிய டோனவனும் தனித்தனியே அறிவித்தது இந்த உருவத்தைத்தான், எல்டி பாடி என்ற பெயர் அப்படி வந்தது.

அப்புறம் சுண்டெலிக் கதை. லீ. மேஜரைச் செலுத்தினால் சி57 கருப்பு எலி புண் ஆறிப் பிழைத்துக்கொள்கிறது, பால்ப்-சி எலியில் நோய் பரவிவிடுகிறது. முன்னதில் ஐஎல்-12, அதைத் தொடர்ந்து இன்டர்ஃபெரான் காமா (டிஎச்1 பக்கம்), பின்னதில் ஐஎல்-4 (டிஎச்2 பக்கம்). எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை நடுவில் எழுதி இரண்டு அம்புக்குறி போடுங்கள். இன்டர்ஃபெரான் காமா தூண்டிய மேக்ரோபேஜ் அதை நைட்ரிக் ஆக்சைடாக்கி ஒட்டுண்ணியைக் கொல்கிறது. ஐஎல்-4 தூண்டிய மேக்ரோபேஜ் அதே ஆர்ஜினினை ஆர்ஜினேஸ் மூலம் ஆர்னிதினாக்க, அதிலிருந்து வரும் பாலிஅமீன்களைக் கொண்டு ஒட்டுண்ணி வளர்கிறது. ஒரே மூலப்பொருள், ஒரு பக்கம் விஷம், மறுபக்கம் தீனி. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் இந்தப் படத்தை அப்படியே மனிதரின் காலா அசாருக்கு (மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் லீஷ்மேனியா நோய்) ஒட்டவைக்கக் கூடாது. நோயாளிகளிடம் இன்டர்ஃபெரான் காமா இல்லாமல் போவதில்லை, அதோடு எதிர்ப்பை அடக்கும் சைட்டோகைனான ஐஎல்-10 அதிகமாகச் சுரந்து மேக்ரோபேஜைச் செயல்பட விடாமல் அமுக்குகிறது என்பதுதான் சரியான விளக்கம். நோய் முற்றியிருக்கும்போது லீஷ்மேனின் தோல் சோதனை (ஒட்டுண்ணிக்கு எதிரான டி செல் எதிர்ப்பைத் தோலில் பார்ப்பது) நெகடிவ், குணமானபின் பெரும்பாலும் பாசிடிவ். ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும், அது காப்பாற்றாது, அந்த ஆன்டிபாடியைத் தேடும் ஆர்கே39 பரிசோதனையில் நோயைக் கண்டறிய மட்டும் உதவும். மறுகோடியில் லீ. பிரசிலியென்சிஸ் உண்டாக்கும் சளிச்சவ்வு நோய். அங்கே ஒட்டுண்ணிகள் கொஞ்சம்தான், மூக்கையும் அண்ணத்தையும் அரிப்பதில் அளவு மீறிய எதிர்ப்புக்கே பெரிய பங்கு. எதிர்ப்பு வலுவாக இருந்தால் நல்லது என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் இந்த நோயாளியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி ஏன் கடினம் என்று கேட்டால் 2002-இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வைச் சொல்லுங்கள். புண் ஆறிய எலியில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கொஞ்சம் ஒட்டுண்ணிகளை மிச்சம் வைக்க இடம் கொடுக்கின்றன, அந்த மிச்சமும் முழுக்க அழிந்துவிட்டால் மறுதொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. எதிர்ப்பு நிலைக்கவே கொஞ்சம் ஒட்டுண்ணி தேவைப்படுகிறது என்பதுதான் தடுப்பூசிக்குச் சிக்கல். அப்படி ஒளிந்திருப்பதுதான் எச்ஐவி தொற்றிலோ எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போதோ பல வருடம் கழித்துக்கூட நோயாக வெளிப்படுகிறது.

நேரம் இருந்தால் லீ. கயனென்சிஸுக்குள் வாழும் ஆர்என்ஏ வைரஸைப் பற்றியும் படித்துவையுங்கள். அந்த வைரஸின் ஆர்என்ஏ மேக்ரோபேஜின் டிஎல்ஆர்3 என்ற ஆர்என்ஏ உணரும் ஏற்பியைத் தூண்டி அழற்சியைக் கூட்டுகிறது, சுண்டெலியில் நோயும் கடுமையாகிறது. வீரியம் என்ற தலைப்பில் இதை எழுதுபவர்கள் குறைவு, ஒரு பத்தி போதும்.