பால்சோறும் எம்.சி.ஆர். செருப்பும்

புத்தர் பிறந்த நாளான வைகாசிப் பௌர்ணமிக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு சின்ன விகாரைக்கு, அதாவது புத்தர் கோயிலுக்குப் போய்வரலாம் என்று நண்பர் கூப்பிட்டபோது, வெயிலை நினைத்துத்தான் கொஞ்சம் தயங்கினேன். பூஜை சாயங்காலம்தான் என்றார். சரி என்று வேலூரில் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் வந்து அமர்ந்துவிட்டதால் மூன்றாவது இப்போது செல்லாது. பாலாறு மட்டும் சொன்ன சொல் தவறாமல் காய்ந்து கிடக்கிறது.

விகாரை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகர ஷீட் போட்ட ஒரே அறை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புத்தர். ஒரு பக்கம் அம்பேத்கர் படம், மறுபக்கம் அயோத்திதாசப் பண்டிதர் படம். பூஜையை நடத்துகிற பெரியவர், படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல வேலை பார்த்தவரு. அங்க மாரிக்குப்பத்துலயே பஞ்சசீலம் எடுத்துக்கிட்டு பௌத்தரானாரு" என்றார். பண்டிதர் 1898-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் தங்கவயலிலும் வேர் பிடித்தது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே ஏராளம். 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் தீட்சை எடுப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. பெரியவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, இருக்கட்டுமே.

விளக்கேற்றி, புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைகிற திரிசரணமும், ஐந்து ஒழுக்கங்களை ஏற்கிற பஞ்சசீலமும் சொன்னோம். அப்புறம் மைத்ரி தியானம், எல்லோர்மேலும் அன்பை வளர்க்கிற தியானம். கண்ணை மூடிக்கொண்டு முதலில் தனக்கு, பிறகு பிரியமானவர்களுக்கு, பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத யாரோ ஒருவருக்கு, கடைசியில் பிடிக்காதவர்களுக்கு என்று நலம் வேண்டிக்கொண்டே போக வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் எளிதாக முடிந்தது. மூன்றாவதுக்குத் தெருமுனை டீக்கடைக்காரரை நினைக்கலாம் என்று இருந்தேன். வந்தது பெரியப்பா முகம்.

பெரியப்பாவுக்குக் குஷ்டம். மாட்டுக் கொட்டாயில் தனியாக இருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. தட்டைத் தரையில் வைத்து ஒரு குச்சியால் அவர் பக்கம் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் ஒவ்வொரு நாளும், "பள்ளிக்கூடம் போனியா நைனா?" என்று கேட்பார். ஒரு நாளாவது நின்று பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. விருப்பு வெறுப்பு இல்லாதவர்கள் வரிசையில் அவர் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது.

தியானம் முடிந்ததும் பெரியவர் பிக்குகளின் ஒழுங்கைச் சொல்லும் விநய பிடகத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு, தன் கழிவிலேயே கிடக்கிறார். அவரால் மற்ற பிக்குகளுக்கு ஒரு உபயோகமும் இல்லை என்று யாரும் கிட்டே போகவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயும் இல்லை தகப்பனும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார்.

ஞானம் பெறுவதற்கு முன் புத்தருக்குச் சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றின் நினைவாக எல்லோருக்கும் தொன்னையில் பால்சோறு. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். கையைக் கழுவிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "பூஜை இன்னும் முடியலயே" என்றார் பெரியவர்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஆயா வீடு. குஷ்டத்துக்குப் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து சாப்பிட்டு எப்போதோ குணமானவர். இனி யாருக்கும் அவரிடமிருந்து தொற்றாது. ஆனால் கிருமி போனாலும் செத்த நரம்பு திரும்பவில்லை. உள்ளங்காலில் ஆறாத புண். விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடும் முள்ளும் பட்டுப்பட்டுத்தான் போகின்றன என்பதை எடுத்துச் சொன்னவர், 1940-களின் இறுதியில் இதே வேலூரில் குஷ்டரோகிகளுக்குக் கை அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955-இல் இதற்கென்றே ஆஸ்பத்திரி வந்தது. ஆயாவுக்குச் சிகிச்சையும் அங்கேதான். உணர்ச்சியில்லாத காலுக்கென்று ரப்பர் மெத்தை வைத்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு ஒன்று வாசலில் கிடந்தது, வார் பிய்ந்து. நண்பர் பையிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து வைத்தார்.

காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். வாராவாரம் யாராவது வந்து செய்கிறார்கள். அன்றைக்குத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா நைனா, புதுசா?" என்றார். அந்த 'நைனா'வில் எனக்குத் தொண்டை அடைத்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பேசினில் தண்ணீர் பிடித்து வந்தேன். பகலெல்லாம் வெயிலில் கிடந்த சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர். ஆயாவின் காலை எடுத்து உள்ளே வைத்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

"தண்ணி சுடுதா ஆயா?"

ஆயாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "எனக்கெங்க தெரியப்போவுது? உன் கைய உட்டுப் பாத்து நீதான் சொல்லணும்."

கையை விட்டேன்.