மீன்பிடித் தடைக்காலத்தை ஆல்பமாக்க நினைக்கும் ராக் குழுக்களுக்கு

மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் 'தி பிளாக் பரேட்' (2006) ஆல்பத்தைப் போட்டதும் கேட்பது கிதார் இல்லை. ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் 'பீப்' சத்தம். முதல் பாட்டு முடியும் இடத்தில் அந்த பீப் நீண்ட ஒற்றை ஒலியாகிறது. அது ஓயும் முன்பே இரண்டாவது பாட்டு அதன்மேல் வந்து விழுகிறது. புற்றுநோயில் சாகும் ஒருவனைத் தேடி மரணம் வருகிறது, அவன் சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த அணிவகுப்பின் வடிவத்தில். இதுதான் ஆல்பம் முழுக்க ஓடும் கதை. யாரும் விளக்காவிட்டாலும் ஆஸ்பத்திரி, சாவு என்ற இரண்டும் இரண்டு நிமிடத்துக்குள் காதில் ஏறிவிடும்.

எதிர்முனையில் இருப்பது ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'மஷீனா' (2000). குழுவின் பாடகர் பில்லி கோர்கன் அதற்கு எழுதி வைத்திருந்த கதை பெரியது. கடவுளின் குரலைக் கேட்கும் ராக் பாடகன், அவன் மாற்றிக்கொள்ளும் பெயர், அவனுடைய குழு என்று விரியும். ஆனால் அந்தக் கதை இணையத்தில் துண்டு துண்டாக வந்த எழுத்தில்தான் இருந்தது, பாட்டின் ஒலியில் இல்லை. நல்ல பாட்டுகள் உண்டு, கதை மட்டும் கேட்டவர்களைச் சேரவில்லை. இரட்டை ஆல்பத் திட்டமும் நடக்காமல் போய், மிச்சப் பாட்டுகளை அதே ஆண்டு செப்டம்பரில் 25 இசைத்தட்டுப் பிரதிகளாக அச்சடித்து, இணையத்தில் இலவசமாகப் பரப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அதை இன்னும் கொண்டாடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ராமநாதபுரம் கரையை வைத்து ஆல்பம் செய்ய வருகிறவர்கள் முதலில் கையை வைப்பது 1964 டிசம்பர் புயலில்தான். தனுஷ்கோடி தேவாலயச் சுவர், கடலில் போன ரயில், பின்னணியில் அலை. எல்லோரும் செய்தாயிற்று. தவிர அந்த இரவின் ஒலி எதுவும் இன்று பதிவுசெய்யக் கிடைக்காது. கதை மறுபடியும் எழுத்துக்குத்தான் போகும்.

ஒலியோடு கிடைக்கிற கதை மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தொடக்கமும் முடிவும் தேதியோடு இருக்கின்றன. முதல் நாள் ஜெட்டியில் எஞ்சின் சத்தம் நிற்கிறது. பிறகு மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் மராமத்துச் சத்தம்: பலகை தட்டுவது, கிரைண்டர், வெல்டிங், பெயின்ட் சுரண்டுவது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் தூரத்தில் ஒற்றை எஞ்சின் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் எல்லா எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பும். பத்துப் பாட்டுக்கு இது போதும். நாயகனுக்குப் பெயர் வைக்கக்கூட அவசியமில்லை.

எஞ்சினைத் தாளமாக்குவதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) ஓடினால் நிமிடத்துக்கு 300 வெடிப்பு. பாட்டின் வேகம் 75 பிபிஎம் (நிமிடத்துக்கு 75 அடி) என்றால் ஒரு அடிக்கு நாலு வெடிப்பு, டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டு செய்யும் வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். ஆறு சிலிண்டர் டீசல் 1200 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 வெடிப்பு. அது தாளமாகக் கேட்காது, சுருதியாகக் கேட்கும். 60 ஹெர்ட்ஸ் என்பது ஏ-ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் விழுகிற சுருதி. பேஸ் கிதாரை பி-யில் வைத்துக்கொண்டு எஞ்சினை அப்படியே கலந்தால் இரண்டு சுருதியும் ஒட்டாமல் துடிக்கும். பதிவின் வேகத்தை 3 சதவீதம் கூட்டினால் பி-க்கு வந்துவிடும். இன்னொரு சிக்கல்: போன் ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. பதிவின் நகல் ஒன்றை லேசாக டிஸ்டார்ட் செய்து, 120, 180 ஹெர்ட்ஸ் இணைச்சுருதிகளைத் தூக்கிக் கலக்க வேண்டும். புகைக்குழாய்க்கு நேரே மைக்கைப் பிடிக்காதீர்கள். மூன்று நாலு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், டைனமிக் மைக், லோ-கட் (அடி ஒலியை வெட்டும் வசதி) அணைத்து.

கடலைப் பதிவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாவை பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் கரைக்காரர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். வாடைக்காற்று வந்தால் தலைகீழ். தடைக்காலம் தொடங்கும்போது தெற்குக் கடல் ஓரளவு சாந்தம், முடியும்போது இரைச்சல். ஆகவே ஒரே இடத்தில், ஒரே மைக் வைப்பில், ஏப்ரல் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பதிந்தாலே ஆல்பத்தின் இரு முனைகளும் கிடைத்துவிடும்.

காற்றுக்கு மைக்கின் ஸ்பாஞ்சு உறை போதாது. அது வாய்க்காற்றுக்கு மட்டும். நீள முடி வைத்த உறை வேண்டும், முடிந்தால் உள்ளே கூண்டும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு என்பதால் கரையேற்றிய படகின் மறைவில், மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மைக்கை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தனுஷ்கோடிப் பக்கம் மணல் பறக்கும், அங்கே உயர்த்தித்தான் ஆகவேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபல், அலைக்கு லோ-கட் 80 ஹெர்ட்ஸ். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று காற்றை அசட்டை செய்ய முடியாது. அது எண் அளவில் உடைவதைத்தான் காப்பாற்றும், மைக்கின் சவ்வை காற்று அறைந்ததைத் திருத்தாது. பொழுது விடியும் நேரம் நல்லது.

பதிந்த அலையை முழு அகலத்தில் பாட்டுக்கு அடியில் போட்டால் சிம்பல் காணாமல் போகும். இரண்டும் ஒரே இடத்தில் இரைகின்றன. பாட்டுக்கு அடியில் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, பாட்டுகளுக்கு நடுவில் முழுதாகத் திறந்துவிடலாம். தாளத்துக்கு ஏற்றது பெண் கடல்தான். வத்தையின் (சின்ன நாட்டுப்படகு) அடியில் தட்டும் தண்ணீர் தனித்தனிச் சொட்டாகக் கிடைக்கும்.

பாம்பன் ரயில் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு: பழைய பாலத்தின் தடதடப்பு இனி கிடையாது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. சாலைப் பாலத்தில் நின்று பதிந்தால் லாரியும் காற்றும்தான் அதிகம் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது.

திரும்பத் திரும்ப வரும் மெட்டுத்துண்டு ஒன்று வேண்டும். மூன்று அல்லது நாலு ஸ்வரம், ஆல்பத்தில் மூன்று இடம், அதற்கு மேல் வேண்டாம். கீழக்கரைச் சங்கு இதற்குப் பொருந்தும். சங்கை சுருதி சேர்க்க முடியாது. உள்ளங்கையை வாய்ப்பக்கம் நுழைத்தால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ட்யூனரில் ஊதிப் பார்த்து, அது 30 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாக நின்றால் கிதார்களை அந்த 30 சென்ட் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிந்ததன் வேகத்தைக் குறைத்தால் (சுமார் 1.7 சதவீதம்) சங்கின் கார்வையும் சேர்ந்து நீளும், அதுவும் சில இடத்தில் அழகு.

உப்புக்காற்றில் பூச்சில்லாத கிதார் கம்பி சில நாளிலேயே துருப்பிடிக்கும். பூச்சுள்ள கம்பி, வாசித்ததும் காய்ந்த துணியால் துடைப்பு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். அகௌஸ்டிக் கிதாரின் மேல்பலகை ஈரத்தில் உப்பி கம்பி உயரும். டிரஸ் ராடை (கிதார் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கண்டென்சர் மைக்கைக் கடற்கரையில் உடனே திறந்தால் சவ்வில் நீர் கோத்துக் கரகரக்கும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

இனி வரவேற்பு. 'தி பிளாக் பரேட்' அமெரிக்காவில் முதல் வாரம் இரண்டாம் இடம். முதலிடத்தில் இருந்தது 'ஹன்னா மான்டனா' தொலைக்காட்சித் தொடரின் பாட்டுத் தொகுப்பு! பிரிட்டனில் தலைப்புப் பாட்டு முதலிடம் பிடித்தது. 2008-ல் அங்கே டெய்லி மெயில் பத்திரிகை 'ஈமோ' எனப்படும் இந்த வகை இசையையும் ரசிகர்களையும் தாக்கி எழுத, ரசிகர்கள் லண்டனில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2025-ல் குழு மைதானங்களில் முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசித்தது. தயாரிப்பாளர் ராப் கவல்லோ அதற்கு முன்பு கிரீன் டேயின் 'அமெரிக்கன் இடியட்' (2004) செய்தவர். அதன் கதை நடுவில் குழம்பும், இருந்தும் அதிலிருந்து ஒரு பாட்டு 2006-ல் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி வாங்கியது. தனியாக எடுத்தால் நிற்காத பாட்டை ஆல்பக் கதை தாங்கிப் பிடிக்காது என்பது எங்கள் கட்சி.

தனியாகத்தான் கேட்பார்கள் என்பதற்காகச் சில ஏற்பாடு. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபை மொத்தத்துக்கும் ஒரே அளவில் ஒலியைச் சரிசெய்யும். பிளேலிஸ்டிலும் ஷஃபிளிலும் ஒவ்வொரு டிராக்கையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) நோக்கி இழுக்கும், அப்போது மெல்லிய அலைத்துண்டு பாட்டின் சத்தத்துக்கு எகிறிவிடும். ஆகவே இடைத்துண்டைத் தனி டிராக்காக வைக்காமல் முந்தைய பாட்டின் வாலில் ஒட்டுங்கள். அடுத்த பாட்டின் தலையில் ஒட்டினால் கேட்பவர் தாண்டிப் போவார். 30 நொடி ஓடாததை அந்தத் தளம் கணக்கிலும் சேர்க்காது.

பாட்டும் பாட்டும் தொடர்ந்து ஓடும் இடத்தில் எம்பி3 கோப்பு தொடக்கத்திலும் முடிவிலும் நுண்ணிய மௌனம் சேர்க்கும், இணைப்பு 'டக்' என்று அறுபடும். தளங்களுக்கு வேவ் கோப்புதான் கொடுக்கவேண்டும். சிடியும் போடுவதாக இருந்தால் வெட்டும் புள்ளி 588 மாதிரிகளின் (சாம்பிள்) மடங்கில் விழட்டும், ஒரு சிடி ஃபிரேம் அவ்வளவு. வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் பென்டிரைவ்தான் ஓடும் என்பதால் அதற்கு இன்னொரு பதிப்பு தேவை: இணைப்புகளில் அரை நொடி ஃபேட், கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று எண். எண் இல்லாவிட்டால் பல பிளேயர்கள் அகரவரிசையில் ஓட்டி, ஆல்பத்தின் வரிசையைக் கலைத்துவிடும்.