மூணு வருஷ ப்ராஜெக்ட்டும் இருபது வருஷப் புழுவும்

நேத்து பரண்ல ஏதோ தேடப் போய், உருளைக்கிழங்குப் புழு ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்காக நான் எடுத்து வச்ச மண்ணு பைங்க கைல சிக்குச்சு. அறுபத்திச்சொச்சம் பை, மார்க்கர்ல நானே எழுதின நம்பரு பாதி அழிஞ்சிருக்கு. ஒண்ணையும் டெஸ்ட் பண்ணல.

எங்க ஊரு ஊட்டிகிட்ட முத்தோரை பாலாடா பக்கம். இங்க உருளைக்கிழங்கு போட்டவங்களுக்கு நெமடோடுன்னா, அதாவது வேர்ல ஒட்டுற அந்தப் புழுன்னா, என்னன்னு சொல்லவே வேணாம், செடியப் புடுங்கி வேர உத்துப் பாத்தா குண்டூசித் தலை மாதிரி மஞ்ச மஞ்சயா ஒட்டிட்டு இருக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூத்துக்கணக்குல முட்டை. 1961ல நாட்டுலயே மொதல்ல நீலகிரிலதான் இத கண்டுபிடிச்சாங்க, அப்புறம் இங்க விளையுற விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகக்கூடாதுன்னு தடையும் வந்துச்சு. முத்தோரைல இருக்குற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல வருஷக்கணக்கா கலப்பு பண்ணிப் பண்ணிதான் புழுவத் தாங்குற குஃப்ரி ஸ்வர்ணா ரகமே வந்துச்சு. அந்த மஞ்ச மணி காஞ்சு ப்ரௌனாகி மண்ணுல விழுந்துட்டா, கிழங்கே போடலன்னாலும் இருபது வருஷம்கூட உசுரோட கெடக்கும். நம்ம ப்ராஜெக்ட்டுக்கு ஆயுசு மூணு வருஷம்.

மொத வருஷப் பணம் ஒழுங்கா வந்துச்சு. தோட்டம் தோட்டமா போய் மண்ணெடுத்து, நெழல்ல காயவச்சு, தண்ணில கலக்கி, மேல மெதக்குறத சல்லடைல புடிச்சு லென்ஸ் வச்சு எண்ணணும், கண்ணு பூத்துடும், ஆனா புடிச்ச வேலை. ரெண்டாவது தவணைதான் வரல. கேட்டா யூசி போகலயாம், அதாவது செலவுக்கணக்கு சர்டிஃபிகேட், அது போனாதான் அடுத்த காசு. கணக்கு எழுதுறவருக்கும் அதே ப்ராஜெக்ட்லதான் சம்பளம், சம்பளம் வராம அவரு நின்னுட்டாரு, அப்ப யூசி யாரு எழுதுறது? 2023ல ஜேஆர்எஃப், அதாவது எங்கள மாதிரி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மாசாமாசம் தர்ற உதவித்தொகை, 31,000ல இருந்து 37,000 ஆனதும் மாமா வீட்ல பொண்ணு பேச ஆரம்பிச்சுட்டாங்க, நான் அப்போ பேக்கரில ஏழு மாசக் கடன்ல டீ குடிச்சிட்டு இருந்தேன்.

அதே வருஷம்தான் ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குற அனுசந்தான் ஃபவுண்டேஷனுக்கான சட்டம் வந்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னு, அதுலயும் பெரும்பகுதி கம்பெனிங்க கிட்ட இருந்து வரும்னு கணக்கு. கிழங்குத் தோட்டத்துப் புழுவுக்கு எந்தக் கம்பெனி காசு போடும்னு எனக்குப் புரியல. ஜிடிபில 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குன்னு எல்லாரும் பொலம்புறாங்க, நியாயம்தான், ஆனா எனக்கு அந்த 0.64 சொன்ன தேதிக்கு வந்திருந்தாலே போதும். அக்காவும் அரசாங்கத்து ட்ரெய்னிங்ல காளான் வளக்க கத்துக்கிட்டா, சர்டிஃபிகேட் லேமினேட் பண்ணி செவுத்துல இருக்கு, காளான் விதை எங்க வாங்குறதுன்னு மட்டும் யாரும் சொல்லித் தரல.

பையெல்லாம் எறக்கி வச்சுட்டு டீ போட்டுட்டு வந்து பாத்தா அப்பா ஒண்ண அவுத்து கேரட் பாத்தில கொட்டப் போறாரு. "அப்பா அது புழு மண்ணு"ன்னு கத்தினேன்.

"ஏன்டா கத்துற, இங்க இருந்துதான எடுத்துட்டுப் போன"ன்னாரு.